விடாது கருப்பும் விடுதி டி.வி. அறையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் 1995–98 அணியைச் சேர்ந்த ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "விடுதி வாழ்க்கையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார். விடுதி என்றால் மெஸ் சாம்பாரைத் திட்டலாம். எனக்கு முன்னால் பேசிய இருவரும் அந்தக் கடமையைக் குறைவில்லாமல் செய்துவிட்டார்கள். எனவே எனக்கு மிச்சம் இருப்பது டி.வி. அறைதான்.

மெஸ்ஸை ஒட்டி ஒரு நீளமான அறை. ஒரே ஒரு கலர் டி.வி. மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கும். சாவி வார்டன் கையில். ஏழெட்டு பெஞ்சு, மீதிப் பேர் தரையில். கிரிக்கெட் மேட்ச் அன்றைக்குத்தான் அந்த அறை நிரம்பும். அதற்கு அடுத்தபடியாக அந்த அறை நிரம்பியது 'மர்மதேசம்' வரும் நாளில்.

இன்றைய மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 'மர்மதேசம்' என்பது 1990களின் பின்பாதியில் சன் டி.வி.யில் வாரம் ஒரு முறை வந்த தொடர். இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. கதை, மதுரையில் வாழ்ந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன். அந்தத் தலைப்பின் கீழ் ரகசியம், விடாது கருப்பு, சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும் என்று ஐந்து கதைகள் வந்தன. நான் பேசப் போவது இரண்டாவது கதையான 'விடாது கருப்பு' பற்றி. அவருடைய 'விட்டு விடு கருப்பா' நாவல்தான் அப்படி நாடகமானது. இயக்கியவர் நாகா. சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்தார்கள்.

கதைச் சுருக்கம் இதுதான். தோட்டக்காரமங்கலம் என்று ஒரு கிராமம். தப்பு செய்கிறவனைக் காவல் தெய்வம் கருப்பசாமியே குதிரையில் வந்து தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. சாவும் விழுகிறது. வந்தது சாமியா, ஆசாமியா? இதுதான் கேள்வி. இன்னொரு பக்கம் ஒரு சிறுவனின் பழைய கதையும் கூடவே ஓடும். பழைய கதை எங்கே வந்து புதிய கதையோடு முடிச்சுப் போடப் போகிறது என்று தெரியாமல் நாங்கள் மண்டையைப் பிய்த்துக் கொண்டோம்.

ரெஹானின் டைட்டில் இசை ஆரம்பித்ததும் அறை கப்சிப். கதை சூடு பிடிக்கும் இடத்தில் 'தொடரும்' போட்டுவிடுவார்கள். அதற்கு அப்புறம்தான் எங்கள் வேலையே ஆரம்பம். என் அறை நண்பன் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தான். அட்டையில் 'கணக்குப் பதிவியல்' என்று எழுதியிருக்கும். உள்ளே முழுக்கச் சந்தேக நபர்கள் பட்டியல். யார் எப்போது எங்கே இருந்தார், யார் பேச்சு போன வாரத்துப் பேச்சோடு ஒத்துப் போகவில்லை என்று வாரா வாரம் எழுதுவான். உண்மையான கணக்குப் பதிவியலை அவன் அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தால் பல்கலைக்கழக ரேங்க் வாங்கியிருப்பான். எதிர் அறைத் தேனிக்காரன் மட்டும், "நீங்க என்ன வேணா எழுதுங்கடா, வர்றது கருப்பன்தான்" என்று கடைசிவரை ஒரே கட்சி. கடைக்குப் போய்ப் பரோட்டா பந்தயம் கட்டுவோம்.

ஒரு வாரம் டைட்டில் முடிந்து ஐந்து நிமிஷத்தில் கரண்டு போனது. நாற்பது பேர் போட்ட சத்தத்தில் பெண்கள் விடுதியில் விளக்கேற்றிவிட்டார்கள். மறுபடி பார்க்க அன்றைக்கு வழி கிடையாது. மறுநாள் காலை, பஸ்ஸில் வரும் டே ஸ்காலர் ஒருவன் வாசலில் இறங்கியதும் அவனை அப்படியே மெஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு இட்லி கூடுதலாக வைத்துக் கதையைக் கேட்டோம். முதல் பீரியட் முடியும்வரை அவன் எங்களுக்கு ஹீரோ. வார்டன் ஐயாவும் ஒரு ரசிகர்தான். "எல்லாரும் இருக்கீங்களான்னு பார்க்க வந்தேன்" என்று கதவோரம் நிற்பார். 'தொடரும்' வந்த பிறகுதான் அவருக்கு எண்ணிக்கை முடியும்.

இதுவரை சொன்னது எங்கள் அணியில் எல்லோருக்கும் தெரியும். இனிமேல் சொல்லப் போவது என் அறை நண்பனுக்குக்கூடத் தெரியாது.

ஊர்க்காரர்கள் கருப்புக்குப் பயந்து நடுங்கும் காட்சிகளில் அறையில் சிரிப்பு கிளம்பும். யாராவது சாமியாடுவது போல் ஆடிக் காட்டுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உள்ளே எனக்கு வயிற்றைக் கலக்கும். காரணம், எங்கள் குலதெய்வம் கருப்பசாமி. அந்தச் சமயம் எங்கள் வீட்டில் கருப்பு வந்திருப்பதாகத்தான் சொன்னார்கள்.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்குக் கருப்பனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு என்றால் சிலை கிடையாது. சந்தனம் பூசிச் சாத்திய கதவுதான் சாமி. கோர்ட்டில் தீராத வழக்கை அந்தக் கதவு முன்னால் சத்தியம் வைத்துத் தீர்ப்பார்கள். கோர்ட்டில் பொய் சொல்லத் துணிகிறவன்கூட அங்கே வாய் திறக்க யோசிப்பான். ஊர் எல்லையில் அரிவாளோடும் குதிரையோடும் நிற்கிற அந்தச் சாமி எங்களுக்கு வெறும் பயம் அல்ல, ஒரு பாதுகாப்பு. அதனால்தான் 'சாமியா, ஆசாமியா' என்ற கேள்வி எனக்குப் பரோட்டா பந்தயமாக இல்லை.

எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். சில மாதங்களில் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து ஆண் குரலில் பேச ஆரம்பித்தார். விடிந்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. பூசாரி வந்தார். உடுக்கை, வேப்பிலை, சாட்டை. வெள்ளிக்கிழமை தவறாமல் நடந்தது. கையில் சாட்டைத் தடம் பார்த்திருக்கிறேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று அம்மா ஒரு முறை கேட்டதற்கு, "சாமி குத்தம் ஆகிடும்" என்று அப்பா அடக்கிவிட்டார். டிகிரி படிக்கிற மகன், நான் வாயே திறக்கவில்லை. எனக்கும் பயம்தான். ஒரு கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடலாம், அங்கே கட்டிப் போட்டுப் பார்த்துக் கொள்வார்கள் என்றுகூட உறவில் பேச்சு நடந்தது.

அதனால்தான் நான் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தேன். கொலைகாரன் யார் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். எழுதுகிறவர் இந்த விஷயத்தைக் கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று தெரிய வேண்டும். சாமியைக் கேலி செய்து முடித்தால் எங்கள் வீட்டில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். சாமிதான் என்று முடித்தால் சாட்டை தொடரும்.

முடிவை நான் முழுசாக உடைக்க மாட்டேன். இதைப் பார்க்காத தம்பி தங்கைகள் இருப்பார்கள். ஒரே உடம்புக்குள் இரண்டு ஆட்கள் வாழ முடியுமா என்ற கேள்விக்குக் கதை வந்தது, மனநோய் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது என்று மட்டும் சொல்கிறேன். அதே சமயம், கும்பிடுகிறவனை முட்டாள் என்று சொல்லவில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். பக்கத்து வீட்டு டி.வி.யில் அம்மாவும் அத்தையும் அதே நாடகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். மறுநாள் மத்தியானம், திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக் கொண்டிருந்த அத்தை மெதுவாகக் கேட்டார்:

"ஏய்யா மருமகனே, நீ படிச்ச பிள்ளை. அந்த நாடகத்துல வர்ற மாதிரி, எனக்கும் இது சாமியா இல்லாம சீக்கா இருக்குமோ?"

நான் ஒரு வருஷமாக விழுங்கிய கேள்வியை, எழுதப் படிக்கத் தெரியாத அத்தை கேட்டுவிட்டார். "இருக்கலாம் அத்தை. டாக்டரைப் பார்ப்போம்" என்றேன். என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான். அப்பாவிடம் பேசியதும் அவரேதான். "அண்ணே, கருப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ." அதற்கு மேல் அப்பாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு. டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நான் அதிகப்பிரசங்கியாக, "சார், விடாது கருப்புல வர்ற மாதிரி..." என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டு, "நாடகம் வேற, இது வேற. இவங்க புருஷன் செத்ததுக்கு வாய்விட்டு அழுதாங்களா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. மாத்திரை கொடுத்தார். மாதம் ஒரு முறை கூப்பிட்டுப் பேச வைத்தார். ஒரே நாளில் சரியாகவில்லை. நடுவில் இரண்டு முறை பழையபடி வந்தது. பூசாரியைக் கூப்பிடலாம் என்று அப்பா செருப்பை மாட்டியதும் உண்டு. ஆனாலும் ஒரு வருஷத்தில் அத்தை ராத்திரி முழுக்கத் தூங்கினார். கடைசிவரை வெள்ளிக்கிழமை கருப்பனுக்குச் சூடம் ஏற்றினார். மாத்திரையையும் விடவில்லை. இரண்டுக்கும் சண்டை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு மனநோய் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது என் கை நடுங்கியது. 'ஒரு கோயிலில் விட்டுவிடலாம்' என்று எங்கள் வீட்டிலும் பேசினார்களே!

ஒரு நாடகம் எங்கள் அத்தையைக் காப்பாற்றியது என்று நான் மேடைப் பேச்சாகச் சொல்ல மாட்டேன். காப்பாற்றியது டாக்டர். அதைவிட, கேட்கத் துணிந்த அத்தை. நோயின் பெயரில்கூட நாடகம் எங்களுக்குப் பொருந்தவில்லை. அது செய்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு கேள்வியை, பக்கத்து வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசும்படி செய்தது. வாரத்துக்கு ஒன்றாக வந்ததால், ஆறு நாள் அந்தக் கேள்வி எங்களோடு இருந்தது. கீரை உருவும்போதும், கிணற்றடியிலும் அது மனசில் ஊறியது. ஒரே ராத்திரியில் மொத்தத்தையும் பார்த்து முடித்திருந்தால் அத்தை அதைக் கேட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

தம்பி தங்கைகளே, உங்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் இப்போது காத்திருக்கப் பொறுமை இல்லை. போன வருஷம் யூடியூபில் 'விடாது கருப்பு' பார்க்க உட்கார்ந்து விடிய விடியப் பார்த்துவிட்டேன். ஆனால் எதைப் பார்த்தாலும் நாலு பேரோடு பேசுங்கள். சிரிக்கிற கூட்டத்தில் ஒருவன் மட்டும் வாய்க்குள் எதையோ விழுங்குகிறானா என்றும் கொஞ்சம் பாருங்கள். உங்களுக்கோ வீட்டிலோ மனசு சரியில்லை என்றால் ஒளிக்காதீர்கள். 2022 முதல் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். எங்கள் காலத்தில் அது இல்லை.

கே. பாலசந்தர் 2014 டிசம்பர் 23 அன்று மறைந்தார். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். மதுரை எங்களுக்கு எட்டாத ஊரா? ஒரு தடவை போய் அத்தையின் கதையைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டேன். அந்தக் குறை இருக்கிறது. அதனால்தான் இன்று உங்களிடம் சொன்னேன்.

தேனிக்கார நண்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான். டேய், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பந்தயப் பரோட்டா இன்னும் பாக்கி. இன்று ராத்திரி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் நீ ஊருக்குப் பஸ் ஏறணும்.