பனி மூடினால் நின்ற இடத்தில் நில்லுங்க



லீவுக்கு ஹோட்டன் சமவெளி போகும் குடும்பங்களுக்கு ஒரு விசயம் சொல்கிறோம். சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள அந்தக் காடு 1988இல் தேசியப் பூங்காவானது. காலை பத்து மணிக்கெல்லாம் அங்கே பெரும்பாலும் பனி ஏறிவிடும்.

நாங்கள் போன அன்றும் அப்படித்தான். உலக முடிவைப் பார்த்துத் திரும்புகையில் பனி மூடிக்கொண்டது. ஐந்து முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தால் எட்டு வயதுப் பையனைக் காணோம். "ஐயோ, எம் புள்ள!" என்று தாய் ஓடப் பார்த்தார். பிடித்து உட்கார வைத்தோம். இரண்டு பேர் மட்டும் கைகோத்து, பாதையை விடாமல், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காது கொடுத்தபடி திரும்பிப் போனார்கள். கால் மணி கழித்துத்தான் பதில் வந்தது. பாதையோரம் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றான்.

"பனி மூடுனா நின்ன எடத்துலயே நில்லுன்னு அம்மாயி சொல்லிருக்கு" என்றான். மலையில் கொழுந்தெடுத்த கிழவியின் பாடம் பிள்ளையைக் காத்தது.

ஆகவே விடியலிலேயே நடையைத் தொடங்குங்கள். பிள்ளைகளை அடிக்கடி எண்ணுங்கள். ஆளுக்கொரு விசில் கட்டிவிடுங்கள். பாதையை விட்டு இறங்காதீங்க. சேறும் பள்ளமும் பனியில் தெரியாது. சிறுத்தையைக் கண்டால் ஓடாதீங்க. முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். அம்மாயி சொன்னதை இன்றைக்கே உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.