எண்ணும் கடமையும்

பல்கலைக்கழக அலுவலகங்களில் நிரப்பப்படும் புள்ளிவிவரப் படிவத்தை வெறும் சடங்கென்று கருதுவோர் உளர். 2010-11ஆம் கல்வியாண்டு முதல் நிகழ்ந்துவரும் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு அப்படிவங்களையே நம்பி நிற்கிறது. 18 முதல் 23 வயதினரின் தொகையோடு மாணவர் தொகையை ஒப்பிட்டுச் சேர்க்கை விகிதம் கணிக்கப்படுகிறது. 2035ஆம் ஆண்டுக்குள் அது 50 விழுக்காட்டை எட்டவேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை.

படிப்பை இடையில் நிறுத்திய மாணவியின் பெயர் பதிவேட்டில் நீடிக்குமாயின், விகிதம் உயர்ந்து தோன்றும். அவளை நிறுத்தியது கட்டணமா, விடுதியின்மையா என்று கேட்பார் இலர். ஆகவே, தொகையைக் கூட்டுவதற்கு மட்டுமன்று, துறைவாரியாக ஒப்பிட்டுக் குறைவின் காரணத்தை ஆராயவும் அலுவலர்க்குப் பயிற்சி வேண்டும். டில்லியில் 1962இல் யுனெஸ்கோ மையமாகத் தோன்றிய கல்வித் திட்ட நிறுவனம் இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறது. பிற மாநிலங்களில் இப்பணி புரியும் தமிழன்பர்கள் அத்தகைய வாய்ப்பை நழுவவிடலாகாது.