திரைக்குப் பின்னே நிற்பவர்கள்



விருதுநகர் வட்டாரத்தில் பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். தீபாவளி இரவில் வாணவெடி ஒன்று மேலெழுந்து மலரும்போது நாம் வியந்து நிற்கிறோம். அந்த வியப்பு ஒரு நொடியில் தீர்ந்துவிடுகிறது. ஆயினும் அந்த ஒரு நொடிக்காகக் காகிதக் குழாய் சுற்றியவர் ஒருவர். மருந்து செலுத்தியவர் ஒருவர். திரி பொருத்தியவர் மற்றொருவர். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் இதனை நன்கு அறிவர். திரைப்படமும் அத்தகையதே. 1952-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு படங்களைக் கொண்டு இதனை விளக்குகிறேன்.

குதிரையும் துப்பாக்கியுமாக மேற்கு அமெரிக்காவில் நிகழும் கதைகளை ‘வெஸ்டர்ன்’ என்பார்கள். அவற்றுள் புகழ்பெற்றது, பிரெட் ஸின்னமன் இயக்கிய ‘ஹை நூன்’. நண்பகல் ரயிலில் பகைவன் வருகிறான். ஊரார் ஒதுங்கிக்கொள்ள, காவல் தலைவராக நடித்த காரி கூப்பர் தனியே நிற்கிறார். அந்த ரயில் வருவதைப் படமெடுக்க இயக்குநரும் ஒளிப்பதிவாளர் பிளாய்டு கிராஸ்பியும் தண்டவாளத்தின்மேலேயே படுத்திருந்தனர். எஞ்சினிலிருந்து கரும்புகை எழுந்தது. காட்சி அழகாக அமைந்தது என்று அவர்கள் மகிழ்ந்தனர். பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு அப்புகையே அடையாளம் என்பதை அவர்கள் அறியவில்லை! கடைசிக் கணத்தில் எழுந்து தப்பினர். காமிராவோ தண்டவாளத்தில் சிக்கி நொறுங்கியது. உள்ளிருந்த படச்சுருள் மட்டும் பிழைத்தது. அக்காட்சியை இன்றும் படத்தில் காணலாம்.

அதே ஆண்டில், வெஸ்டர்ன் படங்களில் பேர்பெற்ற ராட் காமிரான் நம் நாட்டுப் படமொன்றில் நடித்தார். டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1935-இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கருடன் கூடி எடுத்த அப்படம் ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. இயக்கியவர் வில்லியம் பெர்க். நம் எம். என். நம்பியாரும் அதில் நடித்தார். பூண்டோடு அற்றுப்போன மம்மூத் என்னும் சடை யானைகள் கதைக்கு வேண்டியிருந்தன. அவற்றுக்கு எங்கே போவது? நம் நாட்டு யானைகளுக்கே நீண்ட மயிர்ப் போர்வை அணிவித்தார்கள். திரையில் தெரிந்தது மம்மூத். போர்வைக்குள்ளே பொறுமையாக நின்றது, பாகன் சொற்கேட்டுப் பழகிய யானை!

மாணவர்களே, திரைப்படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ உழைத்தவர் பலரின் பெயர்கள் வருகின்றன. நாம்தான் படிப்பதில்லை. பட்டாசுப் பெட்டியிலோ வண்ணப் படமும் நிறுவனத்தின் பெயரும் உண்டு; மருந்து செலுத்தியவரின் பெயர் இல்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஸின்னமன் தம் விருப்பால் ஆபத்தை மேற்கொண்டார். வயிற்றுப் பிழைப்புக்காக ஆபத்தோடு வாழ்பவர் நம்மிடையே எத்தனை பேர்!

எனவே, எதனைக் கண்டு மகிழ்ந்தாலும் இதற்குப் பின்னே நின்றவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள். கல்வியின் பயன்களுள் அதுவும் ஒன்று.