மோட்டார் வண்டியின் மின்கலம்

ஒருநாள் நள்ளிரவில், நோயுற்ற என் அன்னையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டேன். வண்டி கிளம்பவில்லை, பாட்டரி ஓய்ந்திருந்தது. பிழை என்னுடையதே. பல மாதங்களாக நான் அதனைத் திறந்தும் பார்த்ததில்லை.

பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே 1859-இல் கண்ட ஈயப் பாட்டரியின் வழிவந்ததே அது. அதில் ஆறு அறைகள், அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டு, ஆக 12. மின்னேற்றத்தின்போது நீர் வாயுவாகப் பிரிந்து குறைகிறது. கந்தகாமிலம் அவ்வாறு குறைவதில்லை. ஆதலின், மூடி திறக்கும் வகையாயின் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே வார்த்தல் வேண்டும். வெளிப்படும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும்; அருகே தீக்குச்சி கிழித்தல் ஆகாது.

பாட்டரியை மாற்றுங்கால் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, இறுதியில் பூட்டுக. ஏனெனில், இன்றைய வண்டிகளில் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது. நேர்முனையை முதலில் கழற்ற முற்பட்டால், ஸ்பானர் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பழைய பாட்டரியைக் குப்பையில் எறியாதீர், ஈயம் நஞ்சு. விற்பவரிடமே திருப்பித் தருக.

அன்றிரவு அண்டை வீட்டார் வண்டி எங்களைக் காத்தது. மாதம் ஒருமுறை கால்மணி நேரம் செலவிட்டிருந்தால், அவர் கதவை நான் தட்ட நேர்ந்திராது.