நிலநடுக்கச் செய்தியும் நம் வீட்டு வாயிலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் சிலம்பும் குறளும் முழங்கக் கேட்பதே நமது வழக்கம். இவ்வாண்டு அறிவியல் பற்றிப் பேசுக எனக் குழுவினர் பணித்தனர். பிள்ளைகளின் நாடகம் காத்திருப்பதால் சுருங்கச் சொல்லுமாறும் பணித்தனர். இரண்டாவது கட்டளையை நிறைவேற்ற முயல்வோம்.

தீவில் வாழும் நாம் நாளிதழைப் பிரித்ததும் முதலில் தேடுவது எது? சென்னைக் கப்பல் என்று புறப்படும் என்னும் செய்தியைத்தான். அடுத்து விலைவாசி, அதற்கும் அடுத்துத் தாயகத்து அரசியல். அறிவியல் செய்தி எங்கோ ஒரு மூலையில் சிறு எழுத்தில் கிடக்கும். அது கற்றோர்க்கு உரியது, நமக்கென்ன என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அவ்வாறு மடித்து வைத்ததற்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதை இங்குக் கூடியிருப்போரில் பலருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த விலையைக் கொடுத்த குடும்பங்கள் இந்த அவையிலேயே இருக்கின்றன.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி அளவில் சுமத்ராவின் மேற்குக் கடலடியில் பிளவு தொடங்கியது. அது வடக்கு நோக்கி ஓடிவந்து, நிக்கோபாரையும் அந்தமானையும் தழுவி, ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீண்டது. நில அதிர்வின் அளவு 9.1. கார் நிக்கோபாரையும் கச்சாலையும் அலை சில நிமிடங்களில் சூழ்ந்தது. கச்சால் நமக்கு அயலூரன்று. இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்கள் இரப்பர்த் தோட்டத்தில் வியர்வை சிந்தி வாழ்ந்த மண் அது.

சென்னைக் கரையை அதே அலை தொட்டபோது மணி ஏறக்குறைய ஒன்பது. இடையில் இரண்டரை மணி நேரம்! நம் தீவுகள் நீரில் மூழ்கிய பின்னரும் நாகப்பட்டினத்துக் கரையில் மக்கள் வழக்கம்போல் மீன் வாங்கிக்கொண்டிருந்தனர். அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்க நேரம் இருந்தது. அதைக் கொண்டு செல்லும் வழிதான் இல்லை.

அறிவாவது இருந்ததா என்று வினவுவீர்கள். இருந்தது. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே நிலம் நடுங்கி ஓர் அலை எழுந்தது. அது சிறிய அலையே. ஆயினும் வங்கக் கடலின் மேலைக் கரையில் இருந்த அலைமானிகள் அதைப் பதிந்து வைத்தன. நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள் அக்குறிப்பு அறிஞர் ஏடுகளில் உறங்கியது. கடல்கோள் என்னும் சொல்லோ அதனினும் பழையது. கடல் கொண்ட நாட்டைப் பற்றி இறையனார் களவியல் உரை பேசுகிறது. அதைப் பழம்பெருமைக்குச் சான்றாக மேடைதோறும் முழங்கினோமே ஒழிய, கடல் இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை.

செய்தி தெரிந்த ஒருவர் என்ன செய்தார் என்பதையும் கேளுங்கள். நிக்கோபாரின் தெரேசா தீவில் துறைமுகப் பணியில் இருந்த ஒருவர், ஆழிப்பேரலை பற்றிய படமொன்றைத் தொலைக்காட்சியில் முன்னரே பார்த்திருந்தார். நிலம் அதிர்ந்ததும் அது நினைவுக்கு வந்தது. மேட்டுக்குச் செல்லுமாறு ஊர்தோறும் ஆளனுப்பினார். அவரால் உயிர் பிழைத்தோர் ஆயிரத்தைந்நூற்றுவர் என அந்நாளையச் செய்திகள் கூறின. தாய்லாந்துக் கடற்கரையில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி ஸ்மித், இரு வாரம் முன்பு வகுப்பில் கற்ற பாடத்தை நினைவுகூர்ந்து, கடல் நுரைத்துப் பொங்கிய விதத்தைக் கண்டு தன் பெற்றோரை எச்சரித்தாள். கரை காலியாயிற்று. ஒருவருக்குத் தொலைக்காட்சி, ஒருத்திக்குப் பள்ளிப்பாடம்! லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே மக்களோ இரண்டும் இல்லாமலே காட்டு மேட்டுக்குச் சென்று தப்பினர். முன்னோர் சொல் அவர்களிடம் ஏடுகளில் உறங்கவில்லை.

அலை வடிந்த பிறகும் அறிவியல் நம் வாயிலில் நின்றது. சிப்பிக்காட்டு வயல்களில் புகுந்த உப்புநீர் வடியக் காத்திருந்த உழவர் பலர். இன்று வடியும், அடுத்த அமாவாசைக்குப் பின் வடியும் என்று பார்த்தனர். வடியவில்லை. நீர் ஏறியதன்று, நிலம் தாழ்ந்தது என்பதே உண்மை. இந்தியப் பாறைத்தட்டு நம் தீவுகளுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைகிறது. நகம் வளர்வது போன்ற வேகம். மேல்தட்டின் விளிம்பு அதனோடு சிக்கி, அமுக்கிய பிரம்புபோல் வளைந்து நிற்கிறது. சிக்கு விடுபட்டால் விளிம்பு துள்ளி எழும். அதன் பின்புறம் தாழும். எனவேதான் வடஅந்தமானின் மேலைக் கரையில் பவளப் பாறைகள் நீருக்கு மேலே எழுந்து வெயிலில் காய்ந்தன. போர்ட் பிளேயர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தென்கோடி இந்திராமுனையின் கலங்கரை விளக்கம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கடலுக்குள் நின்றது. பட்டா கையில் இருக்க நிலம் கடலில் இருந்த உழவனுக்கு இந்த உண்மை ஆறுதலன்று. ஆனால் வரப்பை மீண்டும் உயர்த்துவதா, வேறு நிலம் கேட்பதா என்று முடிவு செய்ய அது அவனுக்குத் தேவையாக இருந்தது.

இனி 2012 ஏப்ரல் 11. அன்று பிற்பகல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. 2007இல் ஐதராபாத்தில் தொடங்கிய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் எச்சரிக்கை விடுத்தது. முதியோரைச் சுமந்துகொண்டு மேடு ஏறினோம். பேரலை வரவில்லை. அன்றிரவே, "வீணாக அலைக்கழித்துவிட்டார்கள், அடுத்தமுறை எவன் ஓடுவான்?" என்று நம்மிடையே பேச்சு எழுந்தது. இந்தப் பேச்சுத்தான் நமக்கு அச்சம் தருகிறது. அன்று தட்டுகள் பக்கவாட்டில் உராய்ந்து நழுவின. கடலடி மேலெழும்பவில்லை, ஆதலின் பெருநீர்த் திரளும் மேலெழும்பவில்லை. ஆனால் அதிர்ந்த முதற் சில நிமிடங்களில் இதை உறுதிசெய்து கொண்டிருக்க நேரம் ஏது? எச்சரித்தவர் பிழை செய்யவில்லை. ஓடிய நாமும் பிழை செய்யவில்லை.

வேறொரு செய்தி 2019இல் வந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சாவேத் மாலிக்கும் உடன் ஆய்ந்தோரும் தெற்கு அந்தமானின் பாடாபாலு கடற்கரையில் மண்ணடுக்குகளைத் தோண்டி, கடந்த 8000 ஆண்டுகளில் ஏழு ஆழிப்பேரலைகளின் தடயங்களைக் கண்டனர். மிகப் பெரும் நிலநடுக்கங்களுக்கு இடைவெளி 420 முதல் 750 ஆண்டுகள் என்று கணித்தனர். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியானால் நம் பேரன் காலம்வரை கவலையில்லை" என்றார். அதே ஆய்வு, அவற்றினும் சிறிய, ஆயினும் பெரிய நடுக்கங்களுக்கு 80 முதல் 120 ஆண்டுகள் என்று கூறியதை அவர் படிக்கவில்லை. மேலும் இத்தகைய இடைவெளி என்பது கப்பல் கால அட்டவணையன்று. (கப்பல் அட்டவணையே எவ்வளவு உறுதியானது என்பதை இந்த அவை அறியும்!)

கைப்பேசியில் பரவும் மற்றொரு வகைச் செய்தியும் உண்டு. "நாளை இரவு பத்து மணிக்கு நிலம் நடுங்கும்" என்பர். நாளும் மணியும் குறித்து நிலநடுக்கத்தை முன்னறியும் கலை உலகில் எவரிடமும் இல்லை. ஆகவே நாள் குறித்துவரும் செய்தியை அந்த ஒரு காரணத்தாலேயே பொய் என்று தள்ளலாம். உறவினர்க்கு அனுப்பாமலும் இருக்கலாம்.

நமக்கு உரிய செய்தி வேறு. ஐதராபாத்து எச்சரிக்கை பத்து நிமிட அளவில் எழும். சென்னைக்கு அது போதும்; நமக்குப் போதாமற் போகலாம். நிற்க முடியாதபடி நிலம் குலுங்கினாலும், குலுக்கம் நெடுநேரம் நீடித்தாலும் அதுவே நமக்குச் சங்கொலி. கடல் உள்வாங்குகிறதா என்று பார்க்கக் கரைக்குப் போகற்க. எல்லா அலையும் முதலில் உள்வாங்குவதில்லை. முதல் அலையே பெரியது என்றும் விதியில்லை. ஆதலின் மறந்த நகைக்காகவோ கோழிக்காகவோ இடையில் இறங்கற்க.

ஒரு வேண்டுகோளோடு அமைகிறோம். வரும் ஞாயிறு காலை, ஒவ்வொரு குடும்பமும் தம் வீட்டு வாயிலிலிருந்து அருகிலுள்ள மேட்டுக்கு நடந்து பாருங்கள். இளைஞர் நடையன்று, பாட்டியின் நடையில் நடக்க வேண்டும். கைக்குழந்தையும் உடன் வரட்டும். எத்தனை நிமிடம் ஆயிற்று, வழியில் எந்த வேலி குறுக்கே நின்றது, எந்தப் பாலம் பழுது என்பதைத் தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் அவற்றைக் கொண்டு குடியிருப்பின் வரைபடம் ஒன்றை எழுதி இம்மன்றத்துச் சுவரில் மாட்டுவார்கள். பிள்ளைகள் வேடம் புனைந்து திரைக்குப் பின்னால் நிற்கின்றனர்.