வேலை முடித்து வரும் தண்ணீர்

  

எனக்குத் தந்த தலைப்பு, ‘கிராமங்களுக்குச் சிறு நீர்மின்சாரம்’. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் சிரித்தார். “எலுவன்குளத்தில் போயா நீர்மின்சாரம் பேசப்போகிறாய்? அங்கே ஆறு இறங்குவதற்கு ஒரு படிகூட இல்லையே!” என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கணக்கை முதலிலேயே பார்த்துவிடுவோம்.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து: இந்த இரண்டும்தான் மின்சாரம். விநாடிக்கு 10 லீற்றர், அதாவது ஒரு வாளித் தண்ணீர், 100 மீற்றர் உயரத்திலிருந்து குழாய்வழியே இறங்கினால் ஏறத்தாழ 10 கிலோவாற். வழியிலும் இயந்திரத்திலும் பாதி போய்விட்டது என்று வையுங்கள், கையில் 5 கிலோவாற் மிஞ்சும். வீட்டுக்கு 100 வாற் வீதம் 50 வீட்டுக்குப் போதும். இப்போது நம்முடைய கலா ஓயாவின் சப்பாத்துப்பாலத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு மீற்றர் இறக்கம் கிடைத்தாலே பெரிய காரியம். அதே 5 கிலோவாற்றுக்கு விநாடிக்கு 1,000 லீற்றர் வேண்டும். மாரியில் அதைவிட எத்தனையோ மடங்கு வரும், ஆனால் பாலத்தை மூடிக்கொண்டு வருகிற ஆறு இயந்திரத்தையும் சேர்த்துக் கடலுக்குக் கொண்டுபோகும். கோடையில் இயந்திரம் இருக்கும், தண்ணீரைத்தான் தேடவேண்டும்.

ஆனால் ஒரு சங்கதி. இங்கே வருகிற தண்ணீரில் ஒரு பங்கு ஏற்கெனவே மின்சார வேலை பார்த்துவிட்டுத்தான் வருகிறது. 1976இல் கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலியை மறித்தார்கள். அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தால் உக்குவெல மின்நிலையத்துக்கு இறங்கி, அங்கே டேர்பைனைச் சுற்றி, போவத்தன்னை, தம்புள்ளை என்று நடந்து கலாவெவக்கு வருகிறது. பிறகு இராஜாங்கனை. அதற்குப் பிறகுதான் நாம். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு கடற்கரைக்கு வருகிற உத்தியோகத்தரைப்போல! அவரிடம் போய் இன்னொரு வேலை கேட்பது நியாயமில்லை. கலாவெவயைக் கட்டிய தாதுசேனன் காலத்தவர்கள் ஜய கங்கைக் கால்வாயை அதன் முதல் 17 மைலுக்கு, மைலுக்கு 6 அங்குலம்தான் சரிவு என்று வெட்டினார்கள். உயரத்தைச் செலவழிக்காமல் தண்ணீரை நடத்திய பரம்பரை இந்தப் பக்கத்தது. மலையிலே உள்ளவர்களோ உயரத்தைச் செலவழித்து வெளிச்சம் வாங்கினார்கள்.

அந்த மலைக் கதையையும் முழுதாகச் சொல்லவேண்டும். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே இந்த நாட்டின் நீர்வலுவைப்பற்றி ஆய்வுரை படித்தார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். அதற்கு எத்தனையோ காலம் முன்பே, தேயிலைத் தோட்டத் துரைமார் தங்கள் ஓடைகளில் டேர்பைன் வைத்துத் தொழிற்சாலையை ஓட்டினார்கள். கொழுந்து வாட்டும் மாடியில் விசிறி சுற்றியது. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களின் லயத்தில் எரிந்தது குப்பி விளக்கு. ஓடை ஒன்றுதான், அது யார் கையில் இருந்தது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

பிறகு நாடு முழுக்கக் கம்பி போகப்போக அந்தத் தோட்டத்து டேர்பைன்கள் துருப்பிடித்தன. கம்பி போகாத கிராமங்களோ இருட்டிலேயே கிடந்தன. அந்த நாட்களில் இங்கேயும் கார் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டி, சார்ஜ் பண்ண டவுனுக்குக் கொண்டுபோனவர்கள் இருப்பீர்கள். அசிட் பட்டுச் சாரத்தில் ஓட்டை விழுந்தவர்களும் இருப்பீர்கள். சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் இருக்கிறீர்கள்! கேகாலை, இரத்தினபுரி, மாத்தறை மலைக்கிராமங்களிலும் அதே பற்றரிதான். வித்தியாசம், அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடை விழுந்துகொண்டிருந்தது.

இன்று ‘பிராக்டிகல் அக்ஷன்’ என்று பெயர் மாறியிருக்கிற நிறுவனத்தார் அந்த ஊர்களுக்குப் போய், உள்ளூர்ப் பட்டறைக்காரர்களுக்கு டேர்பைன் செய்யப் பழக்கினார்கள். கடையில் வாங்குகிற மோட்டரையே டேர்பைனால் சுற்றவைத்து, கரண்ட் தருகிற இயந்திரமாக்கினார்கள். 1997இலும் 2002இலும் உலக வங்கியின் இரண்டு திட்டங்கள் வந்தன, கடன் கிடைத்தது, நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் விளக்கு எரிந்தது.

கடன் கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஊர் முதலில் மின்சாரப் பாவனையாளர் சங்கம் ஒன்றை அமைக்கவேண்டும். நான் இவ்வளவு தூரம் வந்தது அந்தச் சங்கத்தைப்பற்றிப் பேசத்தான். டேர்பைனைக் கடையில் வாங்கலாம்.

கேகாலைப் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். அணை, வாய்க்கால், தொட்டி, குழாய் எல்லாம் சிரமதானத்தில் செய்தவை. சீமெந்து மூட்டையைத் தலையில் சுமந்தது யார், எந்த நாள் வரவில்லை என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. மீற்றர் கிடையாது. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு கரண்ட், மாதம் ஒரே தொகை. அயன் பெட்டி போடக்கூடாது என்பது சங்கத்தின் சட்டம். ஒருநாள் மாலை ஊர் முழுக்க விளக்கு மங்கியது. கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் யாரோ அயன் போட்டுவிட்டார்கள். மறுநாள் மடிப்புக் கலையாத சட்டையோடு கடைவீதிக்கு வந்தவரைப் பார்த்தே செயலாளர் கண்டுபிடித்துவிட்டாராம். தண்டம் கட்டியவரே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். மின்சார சபையின் கரண்டில் நாம் அயன் போட்டால் யாருடைய விளக்கு மங்குகிறது? நமக்குத் தெரியாது. அங்கே தெரியும்.

சரி, அந்த ஊர்களுக்கும் பிறகு கம்பி போனதே, சங்கங்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: பல மூடப்பட்டன. அயன் போடும் ஆசைக்கு முன்னால் சங்கம் தோற்றது. அதை நான் குறைசொல்ல மாட்டேன், என் சட்டையும் அயன் போட்டதுதான். சில இடங்களில் இயந்திரத்தைத் தேசிய மின்கட்டமைப்போடு இணைத்துக் கரண்டை விற்கிறார்கள். அதே மலைகளில் பெரிய முதலாளிமார் கட்டிய சிறு நீர்மின்நிலையங்களால் ஓடைகள் வற்றி, மீன்கள் அழிந்ததாக மக்கள் வழக்குப் பேசுகிறார்கள். அளவு சின்னது என்பதற்காக எதுவும் நல்லதாகிவிடாது.

இப்போது நம் கரைக்கு வருவோம். நுரைச்சோலை அனல்மின்நிலையம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, 900 மெகாவாற். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது அது பக்கத்தில் இருந்ததால் நமக்கு என்ன மிச்சம்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் பாய்ந்தது என்றார் அமைச்சர். நாடே இருண்டது, நுரைச்சோலையின் மூன்று இயந்திரமும் நின்றன, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. பாவம் குரங்கு! நாட்டையே ஒரு கம்பியில் தொங்கவிட்டது அதுவா?

நமக்கு ஓடை இல்லை, வெயில் இருக்கிறது. 2016இலிருந்து அரசாங்கமே கூரைச் சூரியமின்சாரத்தை ஊக்குவிக்கிறது. வசதி உள்ளவர் தம் கூரையில் போட்டுக்கொண்டார், வசதி இல்லாதவர் அண்ணாந்து பார்க்கிறார். நான் கேட்பது பொதுக் கூரை: பாடசாலை, பள்ளிவாசல், கோயில், விகாரை, எது தோதோ அது. கூடவே பற்றரியும் வேண்டும், இல்லாவிட்டால் கம்பியில் கரண்ட் போனதும் கூரையும் படுத்துவிடும். மீனுக்கு ஒரு குளிர்ப்பெட்டி, குடிதண்ணீருக்கு ஒரு பம்பி, பிள்ளைகள் படிக்க ஒரு மண்டபம். எலுவன்குளத்துக்கு முதலில் இவ்வளவு போதும். சங்கம் நடத்த நமக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்கமுவப் பக்கத்து விவசாயிகள் யானைக்கு வயலைச் சுற்றி மின்வேலி போட்டு, தாங்களே பராமரித்து, அறுவடை முடியக் கழற்றி வைக்கிறார்கள். வில்பத்து யானை கல்கமுவ யானையைவிடச் சாது என்று யாராவது சொல்வீர்களா?

கூட்டத் தலைவர் மணி பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். கேகாலை ஊரில் டேர்பைன் கொட்டிலுக்குள் ஆணியில் ஒரு சீ.ஆர். கொப்பி தொங்கியது. திகதி, வாய்க்காலில் சருகு அள்ளியவர் பெயர், வோல்ற், தண்டம் என்று கோடு போட்டிருந்தார்கள். வருகிற வழியில் புத்தளத்தில் அதேபோல ஒரு கொப்பி வாங்கினேன். கோடும் போட்டு இந்த மேசையில் வைத்திருக்கிறேன், சருகு என்று இருந்த இடத்தில் ‘தகடு துடைத்தவர்’ என்று மாற்றியிருக்கிறேன். பேனையும் பக்கத்தில் இருக்கிறது. தேநீர் குடிக்கப் போகிற வழியில்தான் மேசை.