கயிறு பிடிப்பவன் எங்கே?



முத்துக் குளித்த கரை இது. 1961-ஆம் ஆண்டோடு முத்துச் சலாபம் முடிந்தது. ஆனால், அது கற்பித்த நீதி முடிந்துவிடவில்லை. கல்லின் துணைகொண்டு கடலடிக்குச் செல்கிறான் ஒருவன். மேலே, கயிறு பிடித்துக் காத்து நிற்கிறான் இன்னொருவன். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுத்தாக வேண்டும். தாமதித்தால் மூச்சு அடங்கும். ஆகவேதான், தன் உடன்பிறந்தாள் தாலியறுக்கச் சம்மதியாத மைத்துனன் கையிலே அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. ஆழத்துக்கு ஆள் அனுப்புமுன் அவனை மீட்க ஆள் வை! இது கடல் வகுத்த சட்டம்!

அந்தச் சட்டம் கரையேறியதா? ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடுக எனப் போராடிய மக்கள், நூறாவது நாளான 2018 மே 22 அன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். மனு ஏந்தி வந்தோரை மரணம் எதிர்கொண்டது. 13 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர், காவலரும் காயமுற்றனர். மறுநாள் வீழ்ந்து கிடந்த இளைஞன் ஒருவனைச் சூழ்ந்து நின்ற காவலரிடையே, “நடிக்காதே, போ” என்றொரு குரல் எழுந்ததைக் காணொளியிலே நாடே கேட்டது. நடிப்பன்று தோழர்களே, அவன் மாண்டே போனான்!

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-இலே அளித்த அறிக்கை, அந்தத் துப்பாக்கிச் சூட்டை நியாயமற்றதென்று கண்டது. சுட்டது ஏன் என்பது முதற் கேள்வி. அதை நாம் விடப்போவதில்லை. அதனருகே இன்னொரு கேள்வியும் நிற்கிறது. துப்பாக்கியோடு படையை அனுப்பியபோது, குருதியை நிறுத்தக் கற்றவன் ஒருவனையும் உடன் அனுப்ப வேண்டாமா?

108 ஊர்தி 2008 முதல் ஓடுகிறதே என்பர். ஓடுகிறது, அது ஏழைக்கு வாழ்வளிக்கும் வண்டி. ஆனால், தோட்டா பாயும் தெருவிலே அது நுழைவதெப்படி? தொடையின் பெருநாடி அறுந்தால் சில நிமிடங்களிலே உயிர் போய்விடும். மருத்துவமனை எத்தனை கல் தொலைவு என்பதா அப்போது கணக்கு? அழுத்திப் பிடிக்கும் கை எத்தனை அடி தொலைவு என்பதே கணக்கு!

உலகம் இதனை உயிர் கொடுத்துக் கற்றது. அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியிலே, 1999-இலே, குண்டடிபட்ட ஆசிரியர் ஒருவர், காவலர் கட்டிடத்தைச் சோதித்து முன்னேறும்வரை, ஏறக்குறைய மூன்று மணி நேரம் குருதி சிந்தி மாண்டார். 2015-இலே பாரிசின் பட்டக்லான் அரங்கிலோ, காவல் அதிரடிப் படையோடு அதன் மருத்துவர்களும் உள்ளே சென்றனர். குருதியை அடக்கக் கட்டுப் போட்டனர், பிழைக்கத்தக்கவரை முதலில் வெளியேற்றினர்.

புதுமையான கோரிக்கையா இது? காயம்பட்டவர் எவராயினும், இயன்ற அளவு விரைவிலே மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது காவல் துறையின் கடமை என்று, 1990-இலே ஹவானாவில் கூடிய ஐ.நா. மாநாடு வகுத்த நெறிகள் சொல்கின்றனவே!

கட்டுத்துணி தயார், ஆகவே சுடலாம் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். மைத்துனன் கயிறு பிடிக்கிறான் என்பதற்காக எவரும் மனிதனைக் கடலிலே தள்ளுவதில்லை! ஆயுதம் தாங்கிய அணி ஒவ்வொன்றோடும் மருத்துவ உதவியாளர் செல்லட்டும். காக்கிச் சட்டையா, கந்தல் சட்டையா என்று பாராமல், எவன் குருதி வேகமாய் ஓடுகிறதோ அவனிடம் அவர் முதலில் ஓடட்டும்.

ஆணை பிறப்பிக்கும் அதிகாரியை, அடுத்த முறை, ஆணைக்கு முன்பே கேளுங்கள் தோழர்களே: “ஐயா, கயிறு பிடிப்பவன் எங்கே?”